மூடிய குப்பை மேட்டுக்குள் இறங்கும் மழை: கணக்கெடுப்பது யார்?

ஒரு குப்பை மேடு மூடப்படும் நாளில் விழா எதுவும் நடப்பதில்லை. லோரிகள் வேறு இடத்திற்குத் திருப்பி விடப்படும். மேட்டின் மேல் செம்மண் பரப்பப்படும். வாசலில் பூட்டு தொங்கும். ஓரிரு ஆண்டில் லாலாங் புல் முளைத்து, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரு சாதாரணக் குன்றாகத் தெரியும். நாற்றம் குறைந்ததும் சுற்றுவட்டார மக்களும் அதை மறந்துவிடுகிறார்கள்.

லோரிகள் நின்றாலும் மழை நிற்பதில்லை. தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு ஹெக்டர் நிலத்தின் மேல் ஆண்டுக்கு 24,000 கன மீட்டர் நீர் விழுகிறது என்று இதற்குப் பொருள். அதில் முக்கால் பங்கு வழிந்தோடியும் ஆவியாகியும் போய், கால் பங்கு மட்டுமே உள்ளே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பத்து ஹெக்டர் குப்பை மேட்டுக்குள் ஓராண்டில் நுழையும் நீர் 60,000 கன மீட்டர், அதாவது ஆறு கோடி லிட்டர்.

இந்த ஆறு கோடி லிட்டர் எங்கே போகிறது? மேட்டுக்குள்ளேயே தேங்குகிறதா, அடியில் கசிகிறதா, பக்கத்து ஓடையில் கலக்கிறதா? நாட்டிலுள்ள பல பழைய குப்பை மேடுகளைப் பொறுத்தவரை இதற்குத் தெளிவான பதில் சொல்வது கடினம். பதிலைக் கண்டறியும் கருவிகளோ பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. தாதுப் பொருள்களையும் நிலத்தடி நீரையும் தேடுவதற்காக உருவான புவி இயற்பியல் முறைகள் இன்று குப்பை மேடுகளின் உட்புறத்தைப் பார்க்கவும் பயன்படுகின்றன. அவற்றை எங்கே, எத்தனை முறை பயன்படுத்த வேண்டும், முடிவுகளை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதில்தான் இன்னும் ஒழுங்கு வரவில்லை.

அடியில் விரிப்பு இல்லாத காலத்து மேடுகள்

இன்றைய நவீன குப்பை நிரப்புத் தளங்களில் அடியில் களிமண்ணும் தடிப்பான பிளாஸ்டிக் விரிப்பும் போடப்படுகின்றன. குப்பையினூடே இறங்கும் நீர் கறுத்து, நாற்றமெடுத்து, உப்பும் அம்மோனியாவும் கரிமப் பொருள்களும் கலந்த கசிவுநீராக மாறும். அதைக் குழாய்கள் வழியே திரட்டிச் சுத்திகரிப்பார்கள். சிலாங்கூரின் புக்கிட் தாகாரும் ஜெராமும் இவ்வகைத் தளங்கள்.

அவற்றுக்கு முந்தைய தலைமுறைத் தளங்கள் வேறு மாதிரியானவை. ஊராட்சி மன்றங்கள் தங்களுக்குக் கிடைத்த நிலத்தில் குப்பையைக் கொட்டின. கைவிடப்பட்ட ஈய லம்பக் குட்டைகள், சதுப்பு நிலங்கள், தோட்டங்களின் ஓரங்கள் ஆகியவையே அப்போது மலிவாகக் கிடைத்த நிலங்கள். விரிப்பு கிடையாது, கசிவுநீரைத் திரட்டும் குழாய் கிடையாது. எந்தப் பள்ளத்தில் என்ன கொட்டப்பட்டது என்பதற்கான பதிவும் பெரும்பாலும் கிடையாது. பழைய ஈய லம்ப நிலங்களில் மணற்பாங்கான கழிவு மண்ணும் சேற்று மண்ணும் மாறி மாறிக் கிடப்பதால், நீர் எந்த வழியில் நகரும் என்று கணிப்பதும் கடினம். கோலாலம்பூரின் சில பகுதிகளில் அதற்கும் அடியில் குகைகளும் பிளவுகளும் கொண்ட சுண்ணாம்புக் கல் இருக்கிறது.

இந்தக் கதையில் தமிழர்களுக்கு நேரடிப் பங்கு உண்டு. சிம்பாங் ரெங்கத்தின் சிஇபி, டெங்கிலின் அம்பார் தெனாங் எனப் பல குப்பைத் தளங்கள் தோட்டங்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன. பினாங்கின் பூலாவ் பூரோங் தளத்தின் அண்டை நிலம் பைராம் தோட்டம். 2022 ஜனவரியில் பூலாவ் பூரோங் தளம் பற்றி எரிந்தபோது, புகையில் முதலில் சிக்கியவர்களில் தோட்டப்புறக் குடும்பங்களும் அடங்கும்.

சட்டம் பின்னால்தான் வந்தது. திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2007இல் நிறைவேறி, 2011 செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. குப்பை நிரப்புத் தளங்களின் கசிவுநீரைக் கட்டுப்படுத்தும் சுற்றுச்சூழல் விதிமுறைகள் 2009இல் வந்தன. பழைய மேடுகளில் பல அதற்கு முன்பே நிரம்பிவிட்டவை.

மூன்று விதமான ஆபத்து

மேட்டுக்குள் இறங்கும் நீரைக் கண்காணிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

முதலாவது, குடிநீர். சிம்பாங் ரெங்கம் வட்டார மக்களுக்கு இது அனுபவப் பாடம். 2010களின் பிற்பகுதியில் சுங்கை பெனுட் நீரில் அம்மோனியா அளவு உயர்ந்ததால், அங்குள்ள சுத்திகரிப்பு ஆலைகளின் பணி தடைபட்டது. குழாய்கள் வறண்டு, மக்கள் லோரித் தண்ணீருக்குக் காத்திருந்தனர். மாசுக்கு மூலமாகச் சுட்டப்பட்டது சிஇபி குப்பைத் தளம்.

சுத்திகரிக்கப்படாத ஆற்று நீரில் அம்மோனியா லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது மலேசியாவில் பின்பற்றப்படும் வரம்பு. குப்பை மேட்டுக் கசிவுநீரில் அது சில நூறு மில்லிகிராமிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் இருப்பதுண்டு. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் அம்மோனியா கொண்ட ஒரு லிட்டர் கசிவுநீரை அந்த வரம்புக்குக் கீழே கொண்டுவர 660 லிட்டருக்கும் அதிகமான சுத்த நீர் தேவை. வறட்சிக் காலத்தில் சிறிய ஆற்றில் அவ்வளவு நீருக்கு எங்கே போவது? வழக்கமான சுத்திகரிப்பு ஆலைகள் சேற்றையும் கிருமியையும் அகற்றுவதற்கென வடிவமைக்கப்பட்டவை. அம்மோனியா அதிகமானால் ஆலையை நிறுத்துவதைத் தவிர அவற்றுக்கு வேறு வழி குறைவு.

இரண்டாவது, சரிவு. நீர் ஊறிய குப்பையின் எடை கூடும். துளைகளில் நிரம்பிய நீர் தரும் அழுத்தத்தால் அடுக்குகளுக்கிடையே உள்ள பிடிமானம் குறையும். 2000 ஜூலை 10ஆம் தேதி, பல நாள் மழைக்குப் பிறகு பிலிப்பீன்ஸின் பாயாத்தாஸ் குப்பை மேடு சரிந்து 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2005 பிப்ரவரி 21ஆம் தேதி இந்தோனேசியாவின் பண்டுங் அருகே லியுவிகாஜா மேடு சரிந்ததில் 140க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இந்தோனேசியா அந்தத் தேதியைத் தேசியக் குப்பை விழிப்புணர்வு நாளாக இன்றும் நினைவுகூர்கிறது. 2017 ஏப்ரல் 14ஆம் தேதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பின் மீதொட்டமுல்ல குப்பை மேடு வீடுகளின் மேல் சரிந்து 30க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

இவை செங்குத்தாகக் குவிக்கப்பட்ட, பயன்பாட்டில் இருந்த அல்லது கைவிடப்பட்ட மேடுகள். மலேசியாவின் மூடப்பட்ட மேடுகள் எல்லாம் அதே நிலையில் இருப்பதாகச் சொல்வதற்கில்லை. ஆனால் நீரும் குப்பையும் சேரும்போது நடக்கும் இயற்பியல் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

மூன்றாவது, நிலம். நகரம் விரிவடையும்போது பழைய குப்பை மேடு திடீரென விலைமதிப்புள்ள நிலமாகிறது. 1995 முதல் 2006 வரை இயங்கிய பூச்சோங் ஆயர் ஹீத்தாம் தளத்தைச் சுற்றி இன்று குடியிருப்புகள் நெருங்கி நிற்கின்றன. அத்தகைய இடங்களில் நீர் தேங்கினால் நிலம் சீரில்லாமல் தாழும். எரிவாயுக் கிணறுகளில் நீர் நிரம்பினால் வாயு வேறு பாதை தேடும். வீடு வாங்குபவர்களுக்கு இது வெறும் அறிவியல் செய்தியாக இருக்க முடியாது.

சிங்கப்பூரின் லோரோங் ஹாலூஸ் இதற்கு நல்ல ஒப்பீடு. 1999 மார்ச் 31ஆம் தேதி மூடப்பட்ட அந்தக் குப்பைத் தளத்தின் அருகே சிராங்கூன் நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது, கசிவுநீர் நீர்த்தேக்கத்தில் கலக்காதிருக்க 18 மீட்டர் ஆழத் தடுப்புச் சுவர் நிலத்துக்குள் எழுப்பப்பட்டது. திரளும் கசிவுநீர் நாணல் படுகைகளும் குளங்களும் கொண்ட ஈரநிலத்தில் சுத்திகரிக்கப்படுகிறது. இன்று அங்கே மக்கள் மிதிவண்டி ஓட்டுகிறார்கள், பறவை பார்க்கிறார்கள். குப்பை கொட்டுவது நின்று பல ஆண்டுகள் ஆன பிறகும் கசிவுநீரைக் கையாள வேண்டியிருக்கும் என்று ஒப்புக்கொண்டு போடப்பட்ட திட்டம் அது.

கிணறு சொல்வது பாதிக் கதை

பழைய மேடுகளைக் கண்காணிக்க வழக்கமாகப் பயன்படுவது கண்காணிப்புக் கிணறுகள். மேட்டைச் சுற்றிச் சில இடங்களில் துளையிட்டு, மெல்லிய குழாய் இறக்கி, சில மாதங்களுக்கு ஒருமுறை நீர் எடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவார்கள். அம்மோனியா எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று நேரடியாகச் சொல்ல இதை விட்டால் வேறு வழியில்லை.

இருந்தும் கிணறு ஒரு புள்ளியை மட்டுமே பார்க்கிறது. 20 ஹெக்டர் மேட்டைச் சுற்றி ஆறு கிணறுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கசிவுநீர் ஒரு பழைய ஓடைப் படுகை வழியாக இரண்டு கிணறுகளுக்கு இடையே நழுவிப் போனால் ஆறும் ‘சுத்தம்’ என்றே அறிக்கை தரும். குப்பைக்குள்ளும் நீர் சீராக இறங்குவதில்லை. மூடு மண்ணில் வெடிப்பு விட்ட இடத்தில் மொத்தமாக நுழைந்து, பிளாஸ்டிக் பைகளின் மேல் தேங்கி, பக்கவாட்டில் ஓடி, எங்கோ ஓரிடத்தில் வெளிவரும்.

மேட்டின் நடுவே நிறையக் கிணறுகள் தோண்டலாமே என்று தோன்றலாம். அதில் ஆபத்து இருக்கிறது. துளையிடும்போது மீத்தேன் வாயு வெளிப்படும். அடியிலுள்ள களிமண் அடுக்கைத் தவறுதலாகத் துளைத்துவிட்டால், இதுவரை தேங்கியிருந்த கசிவுநீர் நிலத்தடி நீருக்குள் இறங்க நாமே வழி திறந்தது போலாகும்.

தோண்டாமல் பார்ப்பது எப்படி?

இந்த இடைவெளியைத்தான் புவி இயற்பியல் முறைகள் நிரப்புகின்றன. அவற்றில் முதன்மையானது மின்தடை ஆய்வு.

இதன் அடிப்படை எளிது. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். உலர்ந்த மண்ணும் பாறையும் எளிதில் கடத்தா. குப்பை மேட்டுக் கசிவுநீரில் உப்பு அதிகம் என்பதால் அதன் மின்தடை பொதுவாகச் சில ஓம்-மீட்டருக்குள் அடங்கிவிடும். ஓரளவு உலர்ந்த குப்பையில் அது பல பத்து மடங்கு உயரும். வெடிப்பில்லாத கருங்கல்லில் ஆயிரக்கணக்கில் போகும். ஆக, நிலத்தின் மின்தடையை அளந்தால் அடியில் எங்கே நனைந்திருக்கிறது, எங்கே உலர்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

களத்தில் நடப்பதும் எளிமையானதுதான். மேட்டின் குறுக்கே நேர்கோட்டில், ஐந்து மீட்டர் இடைவெளியில், முழங்கை நீள எஃகுக் குச்சிகள் மண்ணில் அறையப்படும். 48 குச்சிகள் என்றால் கோட்டின் நீளம் 235 மீட்டர். ஒரு கம்பிவடம் அனைத்தையும் அளவைப் பெட்டியுடன் இணைக்கும். கார் பேட்டரி போன்ற ஒன்றே மின்சாரத்திற்குப் போதும். இரண்டு குச்சிகள் வழியாக மின்சாரம் செலுத்தி, வேறு இரண்டுக்கு இடையே மின்னழுத்தத்தை அளக்கும் பணியை, பெட்டி தானாகவே நூற்றுக்கணக்கான முறை இடம் மாற்றி மாற்றிச் செய்யும். குச்சிகளுக்கு இடையே தூரம் கூடக் கூட, அளவீடு ஆழமாகப் போகும். கோட்டு நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆழம் வரை பார்க்கலாம் என்பது களத்தில் சொல்லப்படும் கணக்கு. 235 மீட்டர் கோட்டிற்கு அது சுமார் 47 மீட்டர்.

கிடைத்த எண்களைக் கணினி ஒரு வெட்டுத்தோற்றப் படமாக மாற்றுகிறது. நீலம் குறைந்த மின்தடை, சிவப்பு உயர்ந்த மின்தடை என்று வண்ணம் கொடுப்பது வழக்கம். மருத்துவமனை ஸ்கேன் படத்தை ஒத்த தோற்றம் அதற்கு.

ஒருமுறை எடுத்த படத்தைவிட, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எடுத்த படங்கள் இன்னும் அதிகம் சொல்லும். குச்சிகளை அதே இடத்தில் விட்டுவைத்து, மழைக்கு முன்னும் பின்னும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் வரைந்தால், நீர் எந்த வழியாக நுழைந்தது என்பது தெரியவரும். பிரான்சில் குப்பைக்குள் கசிவுநீரைத் திரும்பச் செலுத்தும் தளங்களில், அது எவ்வளவு தூரம் பரவுகிறது என்று அறிய இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் சரிவு அபாயமுள்ள நிலங்களில் குச்சிகளை நிரந்தரமாகப் புதைத்து, அளவீடுகளைத் தொலைவிலிருந்தே பெறும் சாதனங்களை உருவாக்கியிருக்கிறது.

துணை முறைகளும் உள்ளன. மின்காந்தத் தூண்டல் கருவியை நிலத்தைத் தொடாமல் கையில் ஏந்தி நடந்தபடியே சில மீட்டர் ஆழம் வரை வேகமாக அளக்கலாம். முழு மேட்டையும் ஒரு சுற்றுப் பார்த்து, எங்கே கூர்ந்து ஆராய வேண்டும் என்று முடிவு செய்ய இது உதவும். நில அதிர்வு அலை முறை குப்பையின் கெட்டித்தன்மையையும் அடித்தளம் எங்கே தொடங்குகிறது என்பதையும் காட்டும். ரேடார், மூடு மண்ணின் தடிமனைப் பார்க்க நல்லது. ஆனால் களிமண்ணும் கசிவுநீரும் ரேடார் அலையை விழுங்கிவிடுவதால் நம் மேடுகளில் அது ஆழம் போகாது.

இந்த நாட்டுக்கு இவை புதியவை அல்ல. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர்கள் டெங்கில் வட்டாரக் குப்பைத் தளம் உள்ளிட்ட இடங்களில் மின்தடை ஆய்வு நடத்திக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியல் நெடுங்காலமாகக் கற்பிக்கப்படுகிறது. அதாவது ஆளும் இருக்கிறார்கள், அனுபவமும் இருக்கிறது.

படம் பொய் சொல்லும் இடங்கள்

வண்ணப் படத்தைப் பார்த்ததும் ‘நீலமெல்லாம் கசிவுநீர்’ என்று முடிவு கட்டுவதுதான் இத்துறையில் நடக்கும் முதல் தவறு. கருவி அளப்பது மின்தடையை. கசிவுநீர் என்பது மனிதர் அதற்குக் கொடுக்கும் விளக்கம்.

களிமண்ணும் மின்சாரத்தைக் கடத்தும். கடலோரத் தளங்களில் உப்பு நீரும் கடத்தும். பூலாவ் பூரோங், ஜெலுத்தோங் போன்ற கரையோர இடங்களில் மேட்டின் அடியில் தெரியும் தாழ்ந்த மின்தடை கசிவுநீராகவும் இருக்கலாம், கடல்நீராகவும் இருக்கலாம். பழைய இரும்பு, கம்பி வலைகள் படத்தைக் குழப்பும். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் மின்சாரம் அதைத் தாண்டாது. விரிப்புக்குக் கீழே என்ன என்பதைப் படம் நம்பகமாகக் காட்டாது.

வெப்பமும் ஏமாற்றும். அழுகும் குப்பையின் உட்புறம் 40 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருப்பதுண்டு. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் கடத்தும் திறன் ஏறத்தாழ இரண்டு விழுக்காடு கூடும். இருபது டிகிரி வேறுபாடு இருந்தால், நீரின் அளவு துளியும் மாறாமலேயே நாற்பது விழுக்காடு மாற்றம் தெரியும். வெப்பத்தை அளந்து திருத்தாத படம், சூடான இடத்தை நனைந்த இடமாகக் காட்டிவிடும்.

மழைநீரைப் பற்றிய சிக்கல் இதைவிட நுட்பமானது. உலர்ந்த குப்பைக்குள் மழைநீர் இறங்கினால், அங்குள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு மின்தடையைக் குறைக்கும். ஏற்கெனவே கசிவுநீரில் ஊறிய இடத்தில் புதிய மழைநீர் கலந்தால் உப்பின் செறிவு குறைந்து, மின்தடை கூடும். படத்தில் அது ‘உலர்ந்துவிட்டது’ என்பது போலத் தெரியும். உண்மையில் அங்கேதான் மழை நுழைந்துகொண்டிருக்கும். அவசரமாகப் படிப்பவர், ஓட்டை உள்ள இடத்தை அடைபட்ட இடமாகக் குறித்துவிடலாம்.

சரிவு அபாயத்தைப் பொறுத்தவரை இன்னொரு எல்லை உண்டு. மின்தடைப் படம் எங்கே நனைந்திருக்கிறது என்று சொல்லும். அங்கே நீரின் அழுத்தம் எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு அழுத்தமானியை உள்ளே இறக்கியாக வேண்டும். எங்கே இறக்குவது என்பதைப் படம் சொல்லும். கிணற்றுக்கும் இதே நியாயம்தான். ஆறு கிணறுகளைக் கண்ணை மூடிக்கொண்டு தோண்டுவதற்குப் பதிலாக, படம் காட்டும் இடத்தில் மூன்று தோண்டினால் பயன் அதிகம். புவி இயற்பியல் கிணற்றை ஒழிக்க வந்ததன்று, கிணற்றுக்கு இடம் காட்ட வந்தது.

மூடு மண்ணைச் சீரமைப்பது மலிவு

இத்தனை சிரமத்துக்குப் பலன் என்ன என்று கேட்கலாம். பழைய மேட்டின் அடியில் இப்போது போய் விரிப்புப் போட முடியாது. உள்ளே இருக்கும் குப்பையை முழுவதும் தோண்டி எடுப்பது பெரும் செலவு. கையில் இருக்கும் ஒரே நடைமுறை வழி, மேலிருந்து நுழையும் நீரைக் குறைப்பது. மூடு மண்ணின் வெடிப்புகளை அடைப்பது, குழிந்த இடங்களை நிரப்பி மழைநீர் வழிந்தோடச் செய்வது, மண்சரிந்த ஓரங்களைச் சீரமைப்பது, வடிகால்களைத் துப்புரவாக வைப்பது ஆகியவை எந்த ஊராட்சி மன்றமும் செய்யக்கூடிய வேலைகள்.

எந்த இடத்தில் செய்வது என்பதுதான் கேள்வி. மொத்த மேட்டையும் மறுபடி மூடுவதற்குப் பணம் இருக்காது. மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் நீர் நுழையும் சில இடங்களைக் காட்டினால், அங்கே மட்டும் வேலை செய்யலாம். வேலை முடிந்ததும் மறுபடி அளந்து, பணம் வீணாகவில்லை என்று உறுதிசெய்யலாம். உள்ளே இறங்காத ஒவ்வொரு லிட்டர் மழையும் சுத்திகரிக்கத் தேவையில்லாத ஒரு லிட்டர் கசிவுநீர்.

நம் வானிலையும் இதற்குத் தோதானது. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஆண்டின் நடுப்பகுதி ஓரளவு வறண்டும், அக்டோபர், நவம்பர் மாதங்கள் நல்ல மழையோடும் இருக்கும். ஜூலையில் ஒருமுறை, நவம்பர் இறுதியில் ஒருமுறை அதே கோட்டில் அளந்தால் போதும், முதல் ஒப்பீடு கிடைத்துவிடும். நான்கைந்து பேர் கொண்ட குழு ஒரு நடுத்தர மேட்டில் முக்கியமான கோடுகளைச் சில நாள்களில் அளந்து முடிக்கலாம்.

வழக்கத்தை மீறிய மழையையும் இனி கணக்கில் எடுத்தாக வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கூரையைத் தொட்ட வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே நாள்களில் அதே மழை கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய குப்பை மேடுகளின் மேலும் கொட்டியது. அந்த மேடுகளில் முன்கூட்டியே அடிப்படை அளவீடு எடுக்கப்பட்டிருந்தால், எவை தாங்கின, எவை ஊறின என்று அடுத்த வாரமே ஒப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அடிப்படை அளவீடு இல்லாத இடத்தில் பேரிடருக்குப் பின் எடுக்கும் படத்தை ஒப்பிட எதுவும் இருக்காது.

பொறுப்பு யாருடையது?

கருவி இருந்தும் பழக்கம் பரவாததற்குக் காரணம் பொறுப்பு சிதறிக் கிடப்பதே. குப்பையைக் கொட்டியது ஊராட்சி மன்றம். நிலம் மாநில அரசுடையதாகவோ தனியார் தோட்டத்துடையதாகவோ இருக்கும். கசிவுநீர் ஆற்றில் கலந்தால் சுற்றுச்சூழல் துறை வரும். ஆற்றுநீரை எடுக்கும் ஆலை வேறொரு நிறுவனத்தின் கையில். சிலாங்கூரில் ஆற்று வளத்தைக் கவனிக்க லுவாஸ் என்ற தனி அமைப்பும் உண்டு. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில் கூட்டரசு அமைப்புகள் திடக்கழிவைக் கவனிக்கின்றன. சிலாங்கூர், பினாங்கு, பேராக் போன்ற மாநிலங்கள் அந்தச் சட்டத்தில் சேராமல் தங்கள் வழியில் நிர்வகிக்கின்றன. குப்பை மேட்டின் கசிவு இந்த எல்லைகள் எதையும் பார்ப்பதில்லை.

பல்கலைக்கழக ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் ஓர் ஆய்வு ஒரு மாணவரின் பட்டத்தோடு முடிந்துவிடும். கண்காணிப்புக்குத் தேவை பத்து, இருபது ஆண்டுத் தொடர்ச்சி. அதை ஆய்வு நிதி தராது. சட்டமோ ஒப்பந்தமோ தான் தர முடியும்.

எல்லா மேடுகளையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்பதில்லை. குடிநீர் எடுக்கும் இடத்திற்கு மேலாற்றில் உள்ளவை, சரிவின் அடியில் வீடுகள் இருப்பவை, மறுமேம்பாட்டுக்குத் திட்டமிடப்பட்டவை என மூன்று வகைகளுக்கு முன்னுரிமை தந்தால் பட்டியல் கைக்கு அடங்கும். மறுமேம்பாடு என்றால் மேம்பாட்டாளரே அடிப்படை அளவீட்டுக்கும், கட்டுமானத்திற்குப் பிந்திய கண்காணிப்புக்கும் செலவு செய்ய வேண்டும் என்பதை அனுமதியின் நிபந்தனையாக்கலாம்.

குடியிருப்பாளர்கள் என்ன கேட்கலாம்?

பழைய குப்பை மேட்டின் அருகே வசிப்பவர்களும், அங்கே வீடு வாங்க எண்ணுபவர்களும் புவி இயற்பியல் படித்திருக்கத் தேவையில்லை. தங்கள் ஊராட்சி மன்ற உறுப்பினரிடமோ சட்டமன்ற உறுப்பினரிடமோ நான்கு கேள்விகள் கேட்டால் போதும்.

ஒன்று, இந்த மேட்டின் மூடு மண் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது?

இரண்டு, கண்காணிப்புக் கிணறுகள் எத்தனை, அவற்றின் இடத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்?

மூன்று, மேட்டின் உட்புற ஈரநிலையை மழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு யாராவது அளந்திருக்கிறார்களா? அளந்திருந்தால், கிணற்று நீரோடும் வெப்ப அளவோடும் அதைச் சரிபார்த்தார்களா?

நான்கு, அந்த அறிக்கையைப் பொதுமக்கள் எங்கே பார்க்கலாம்?

நான்காவது கேள்வி எளிதாகத் தோன்றினாலும் அதுதான் மற்ற மூன்றுக்கும் உயிர் கொடுக்கிறது. காற்றின் தூய்மைக் குறியீட்டைக் கைப்பேசியில் பார்க்கும் பழக்கம் மலேசியர்களுக்கு வந்துவிட்டது. புகைமூட்டம் கண்ணுக்குத் தெரிந்ததால் அந்தத் தகவலை மக்கள் கேட்டு வாங்கினார்கள். மண்ணுக்கடியில் நகரும் நீர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் அதைப் பற்றிய அறிக்கையை யாரும் கேட்பதும் இல்லை.

சிம்பாங் ரெங்கத்தில் மக்கள் குப்பை மேட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியது, குழாயில் தண்ணீர் வராத பிறகுதான். அந்த வரிசையை மாற்றுவதற்கு வேண்டிய கருவி ஒரு கார் பேட்டரியிலும் சில எஃகுக் குச்சிகளிலும் இயங்கக்கூடியது. ஜூலையில் ஒருமுறை, நவம்பரில் ஒருமுறை அதைக் கொண்டுபோய் அதே கோட்டில் அறைந்து அளக்க ஓர் அலுவலகத்திற்குக் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தக் கட்டாயம் எந்த ஆணையிலும் எழுதப்படாதவரை, லாலாங் புல்லுக்கு அடியில் ஆண்டுதோறும் இறங்கும் கோடிக்கணக்கான லிட்டர் நீருக்குக் கணக்குக் கேட்க ஆளிருக்காது.